பேசி முடிக்கிற பேச்சா இது?

இரவு எட்டு மணி. படிப்பகத்திலே அமர்ந்து ஏடு படித்துக்கொண்டிருக்கிறார் நம் கிளைச் செயலாளர். பள்ளிக்கூடத் தாளாளரின் ஆள் ஒருவர் வாசலிலே வந்து நிற்கிறார். "அண்ணே, ஒரு சின்னச் சிக்கல். பொண்ணு வீட்டுக்காரங்க நம்ம தெருதான், நீங்க சொன்னாக் கேப்பாங்க. வாத்தியாரை வேற ஊருக்கு அனுப்பிடறோம். போலீசு, கோர்ட்டுன்னு போனா பொண்ணு பேரும் கெடும், பள்ளிக்கூடத்துப் பேரும் கெடும். நீங்க வந்து பேசி முடிச்சு வையுங்க" என்கிறார்.

கற்பனைக் காட்சிதான். ஆனால், இப்படி ஓர் ஆள் தன் வாசலுக்கு வரவே மாட்டான் என்று நெஞ்சிலே கை வைத்துச் சொல்லக்கூடிய தோழர் நம்மிலே எத்தனை பேர்? குழாயடிச் சண்டையா, பாகப்பிரிவினையா, கூலித் தகராறா, எல்லாவற்றுக்கும் நம்மைத்தான் அழைக்கிறார்கள். அதிலே நமக்குப் பெருமையும் உண்டு. ஆகவேதான் தோழர்களை நோக்கிக் கேட்கிறோம்: பேசி முடிக்கிற பேச்சா இது?

அல்ல என்கிறது சட்டம். 2012-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம். போக்சோ என்று ஊரார் சொல்லுவது அதைத்தான். பதினெட்டு வயது நிறையாத எவரும் அந்தச் சட்டத்தின் கண்ணிலே குழந்தை. அதன் 19-ஆவது பிரிவு சொல்லுகிறது: இத்தகைய குற்றம் நடந்தது என்று அறிந்தவர் யாராயினும், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவர் யாராயினும், போலீசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். அறிந்தும் வாய் மூடியிருந்தால் 21-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஒரு நிறுவனத்தின் பொறுப்பிலே இருப்பவர், தமக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால், ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. அதாவது தலைமையாசிரியருக்கும் தாளாளருக்கும் பொறுப்பு கூடுதல்; தண்டனையும் கூடுதல்.

"யாராயினும்" என்ற சொல்லைத் தோழர்கள் இன்னொரு முறை படிக்க வேண்டும். அதிலே தலைமையாசிரியர் இருக்கிறார், ஆயா இருக்கிறார், வேன் ஓட்டுபவர் இருக்கிறார். பேசி முடிக்கப் போகிற கிளைச் செயலாளரும் இருக்கிறார்!

ஏன் இப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டது? பள்ளிக்கூடம் தன் ஊழியரைத் தானே விசாரிக்கட்டும் என்று விட்டால் என்ன நடக்கும்? மில் முதலாளியே தொழிற்சாலை ஆய்வாளராகவும் இருந்தால் விபத்துக் கணக்கு எப்படி இருக்கும் என்பதைத் தொழிலாளத் தோழனுக்கு நாம் சொல்லித்தரத் தேவையில்லை. அடுத்த ஆண்டுச் சேர்க்கை குறையுமே என்ற கவலை தாளாளருக்கு. மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்ற கவலை தலைமையாசிரியருக்கு. குழந்தையைப் பற்றிய கவலை மூன்றாவது இடத்துக்குப் போய்விடுகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு, நற்சான்றிதழோடு அடுத்த ஊர்ப் பள்ளிக்குப் போகிறார். அங்கேயும் குழந்தைகள் இருக்கிறார்கள் அல்லவா?

மராட்டிய மாநிலம் சந்திரபூர் மாவட்டத்திலே, ராஜூராவில், ஒரு பள்ளி விடுதியிலே தங்கிப் படித்த சிறுமியர் சீரழிக்கப்பட்டதாக வழக்கு வந்தது. அவர்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர், தெரிந்தும் போலீசுக்குச் சொல்லவில்லை என்பது அவர் மீது குற்றச்சாட்டு. அவர்மீதான வழக்கை உயர்நீதிமன்றம் நீக்கிவிட்டது. உச்சநீதிமன்றமோ 2022 நவம்பர் 2-ஆம் நாள் அந்த ஆணையைத் தள்ளியது. அறிந்தும் அறிவிக்காதிருப்பது கடுங்குற்றம், குற்றவாளிக்குக் கேடயம் பிடிக்கும் வேலை என்று நீதிபதிகள் கூறினர்.

அதே மாநிலத்திலே பத்லாப்பூர். 2024 ஆகஸ்டு மாதம், பாலர் வகுப்புச் சிறுமியர் இருவரைப் பள்ளி ஊழியர் ஒருவர் சீரழித்தார் என்று புகார் எழுந்தது. ஆகஸ்டு 20-ஆம் நாள் மக்கள் ரயில் தண்டவாளத்திலே இறங்கி நின்றார்கள். மணிக்கணக்கில் வண்டிகள் ஓடவில்லை. பம்பாய் உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் ஏன் போலீசுக்குச் சொல்லவில்லை என்று கேட்டது. போலீசு ஏன் தாமதித்தது என்றும் கேட்டது. சட்டம் இருந்தும் தண்டவாளத்திலே நிற்க வேண்டிய நிலை வந்ததே என்பதுதான் நம் வருத்தம். சட்டம் தானாக நடக்காது. நடத்துவதற்கு மனிதர்கள் வேண்டும்.

"பொய்ப் புகாரால் நல்ல ஆசிரியர் வாழ்வு நாசமாகாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆசிரியரும் உழைத்துப் பிழைப்பவரே. அவருடைய மானமும் மானமே. ஆனால், தெரிவிப்பது வேறு, தீர்ப்பளிப்பது வேறு. பள்ளிக்கூடம் தெரிவிக்கிறது, போலீசு புலன் விசாரிக்கிறது, கோர்ட்டு தீர்ப்புச் சொல்லுகிறது. அவமானப்படுத்தவோ பணம் பறிக்கவோ வேண்டுமென்றே பொய் சொல்லுபவருக்கு 22-ஆவது பிரிவிலே தண்டனை இருக்கிறது. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மீது வழக்குப் போட முடியாது என்று 19-ஆவது பிரிவே காப்புத் தருகிறது. குற்றமற்ற ஆசிரியரை மூடிய அறைப் பேச்சு காப்பாற்றாது; முறையான விசாரணைதான் காப்பாற்றும். இருட்டிலே முடித்த பேச்சு, அவரை ஆயுள் முழுதும் ஊராரின் ஐயத்திலேயே அல்லவா நிறுத்திவைக்கும்?

"போலீசு ஸ்டேஷனுக்குப் பெண்பிள்ளையை எப்படி அழைத்துப் போவது?" என்று நடுங்குகிறாள் தாய். அவளுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியது இது: குழந்தையை ஸ்டேஷனுக்கு இழுக்க வேண்டியதில்லை. வீட்டிலோ, குழந்தை விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் வாங்க வேண்டும். கூடுமானவரை சப்-இன்ஸ்பெக்டர் தகுதிக்குக் குறையாத பெண் அதிகாரி வாங்க வேண்டும். அப்போது காக்கி உடை கூடாது. இரவிலே குழந்தையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. பெயர் பத்திரிகையிலே வரக் கூடாது. இவை எவரும் இடும் பிச்சையல்ல, சட்டம் தந்த உரிமை. 1098 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னாலும் உதவி கிடைக்கும்.

இனி, பேசி முடித்த கதை ஒன்றையும் கேளுங்கள். ராஜஸ்தானிலே, 2022-இல், ஒரு சர்க்கார் பள்ளி ஆசிரியர்மீது மாணவி தரப்பில் புகார். பிறகு, தவறான புரிதலால் கொடுத்துவிட்டோம் என்று தந்தை முத்திரைத்தாளிலே எழுதிக் கொடுத்தார். சமரசம் ஆகிவிட்டது என்று உயர்நீதிமன்றமும் வழக்கை நீக்கிவிட்டது. அந்த வழக்கிலே தரப்பினராக இல்லாத இருவர் உச்சநீதிமன்றப் படி ஏறினார்கள். 2024 நவம்பர் 7-ஆம் நாள் தீர்ப்பு வந்தது: இது இருவர் தமக்குள் தீர்த்துக்கொள்ளும் சொந்தத் தகராறு அல்ல, சமுதாயத்துக்கு எதிரான குற்றம், வழக்கு நடந்தே தீரவேண்டும்!

முத்திரைத்தாளிலே தந்தை கையெழுத்திட்டார். மகளை யார் கேட்டார்கள்?

தோழர்களே! ஒரு பக்கம் பஞ்சாயத்துப் பேசும் பாதை. இன்னொரு பக்கம் அந்த இருவரும் நடந்த பாதை. நாளை நம் வாசலுக்கு ஆள் வருவான், "அண்ணே" என்பான். நாம் செய்ய வேண்டியது அதிகமில்லை. குழந்தையைக் கூட்டத்திலே நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டாம். ஆசிரியரை அடிக்கப் போக வேண்டாம். சட்டையை மாட்டிக்கொண்டு, அந்தப் பெற்றோருக்குத் துணையாக நடந்து, புகாரைப் பதிவு செய்து, அதன் எண்ணை வாங்கிக்கொண்டு வந்தால் போதும்.

ஊரிலே எத்தனையோ வழக்கைப் பேசி முடித்தோம். இந்த ஒன்றை முடிக்கும் உரிமை நமக்கு இல்லை. தொடங்கி வைக்கும் கடமைதான் இருக்கிறது.