பரணில் கிடக்கும் வால்வு ரேடியோ கிட்டார் ஆம்ப்ளிஃபையர் ஆகுமா? முதலில் பார்க்க வேண்டியது ஓர் எழுத்தை!

திருச்சியில் 'பெல்' என்றால் திருவெறும்பூர் பாய்லர் ஆலைதான். ஆனால், பழைய ரேடியோ மெக்கானிக்கிடம் 'பெல் வால்வு' என்றால் அது வேறு பெல். 1954-ல் பெங்களூருவில் தொடங்கப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம், 1960-களில் ரேடியோ வால்வுகளை உள்நாட்டிலேயே தயாரித்தது. 1939 மே 16-ல் திருச்சி வானொலி நிலையம் தொடங்கிய நாள் முதல் டிரான்சிஸ்டர் வந்து சேரும் வரை, இந்த வட்டாரத்து வீடுகளில் பாட்டும் செய்தியும் வந்தது வால்வு வழியாகத்தான்.

அந்த ரேடியோக்களுக்கு இப்போது புது மவுசு. காரணம் கிட்டார். வால்வு ஆம்ப்ளிஃபையரின் ஒலிக்காக வெளிநாட்டில் பெரும் விலை கொடுக்கிறார்கள். நம்மூர் இளைஞர்களும் வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்க ஆசைப்படுகிறார்கள். ஆசையில் தப்பில்லை. கிட்டார் ஆம்ப்ளிஃபையரே ரேடியோ ரிப்பேர் கடையிலிருந்து வந்ததுதான். லியோ ஃபெண்டர் 1938-ல் கலிபோர்னியாவில் ரேடியோ பழுது பார்க்கும் கடை போட்டவர். பீட்டில்ஸ் குழு பயன்படுத்திய வாக்ஸ் ஏ.சி.30 ஆம்ப்ளிஃபையரில் இருக்கும் இ.எல்.84 வால்வு, அந்தக் கால ரேடியோக்களில் ஸ்பீக்கரை ஓட்டிய அதே வால்வு.

வால்வு என்ன செய்கிறது? காற்று நீக்கிய கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு கேத்தோடு சூடாகி எலெக்ட்ரான்களை வெளிவிடும். எதிரே இருக்கும் பிளேட், உயர் மின்னழுத்தத்தால் அவற்றை இழுக்கும். நடுவில் கம்பி வலை போல ஒரு கிரிட். கிட்டாரின் சின்னச் சிக்னல் அந்த கிரிட்டில் ஏறி இறங்கினால், பிளேட்டுக்குப் போகும் பெரிய மின்னோட்டமும் அதே தாளத்தில் ஏறி இறங்கும். வாய்க்கால் மடையைத் தூக்கி இறக்குவது மாதிரி. சிக்னல் அளவுக்கு மீறினால் டிரான்சிஸ்டர் பொதுவாகச் சட்டென்று வெட்டிவிடும். வால்வு கொஞ்சம் கொஞ்சமாக மழுங்கும். அந்த மழுங்கலைத்தான் கிட்டார் வாசிப்பவர்கள் தேடுகிறார்கள்.

'ரேடியோவுல கிராமபோன் சொருகுற சாக்கெட் இருக்கே, அதுல கிட்டாரைச் சொருகினா போதாதா?' என்று கேட்பவர்கள் உண்டு. இங்கேதான் உயிர் போகும் விஷயம் இருக்கிறது.

ரேடியோவின் பின்பலகையைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். பிறகு வால்வுகளின் மேல் அச்சிட்ட பெயரைப் பார்க்க வேண்டும். பெயர் 'இ' எழுத்தில் தொடங்கினால் (இ.சி.எச்.81, இ.எல்.84) அது 6.3 வோல்ட் ஹீட்டர் உள்ள வால்வு. அந்த ரேடியோவில் பெரும்பாலும் கனமான பவர் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். 'யு' எழுத்தில் தொடங்கினால் (யு.சி.எச்.81, யு.எல்.84, யு.ஒய்.85) கதை வேறு. இவை ஏ.சி., டி.சி. இரண்டிலும் ஓடுவதற்காக வந்த வகை. கொல்கத்தா போன்ற ஊர்களில் அப்போது டி.சி. மின்சாரமும் இருந்தது. ஹீட்டர்களை மாலை போல வரிசையாகக் கோத்து, நேராக மெயின்ஸில் இணைத்திருப்பார்கள். இப்படிப்பட்ட செட்டில் வீட்டு மின்சாரத்தின் ஒரு கம்பி சேஸிஸிலேயே சேர்ந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் சொருகினால் சேஸிஸ் முழுக்க 230 வோல்ட் ஃபேஸ்!

மரப்பெட்டியும் பேக்கலைட் குமிழும் இருந்ததால் கேட்டவர்கள் தப்பினார்கள். ஆனால், கிட்டார் கேபிளின் வெளி உறை சேஸிஸோடு சேரும். எலெக்ட்ரிக் கிட்டாரின் ஸ்ட்ரிங்குகள் அந்த உறையோடு சேரும். அதாவது, வாசிப்பவரின் விரல் நேராக ஃபேஸில். சாக்கெட்டுக்கு முன்னால் ஒரு தடுப்புக் கெப்பாசிட்டர் இருக்கலாம். அறுபது வருஷத்துக்குப் பிறகு அதை நம்பக் கூடாது. 'யு' என்றால் ரேடியோவை ரேடியோவாகவே விட்டுவிடுவது நல்லது.

இன்னொன்று, பழைய செட்டைப் பிரித்துப் பாழாக்குவதைவிடப் புதிதாகச் செய்வதே எளிது. முதல் முயற்சிக்கு ஏற்றது 1950-களின் ஃபெண்டர் சாம்ப் 5எஃப்1 சர்க்யூட். மூன்றே வால்வு: 12ஏ.எக்ஸ்.7, 6வி6, 5ஒய்3. இதில் 12ஏ.எக்ஸ்.7-க்கு ஐரோப்பியப் பெயர் இ.சி.சி.83. வால்யூம் குமிழ் ஒன்று மட்டும். வால்வுகள் இன்றும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனாவில் தயாராகின்றன. சேஸிஸ் தகடு வளைக்க, துளை போட, துவாக்குடி பக்கத்துப் பட்டறைகள் இருக்கும் ஊரில் கவலை எதற்கு?

அமெரிக்க வரைபடத்தை அப்படியே பார்த்துச் செய்தால்தான் சிக்கல். அது 120 வோல்ட் ஊருக்கு வரைந்தது. அந்த டிரான்ஸ்ஃபார்மரை இங்கே சொருகினால் புகைதான். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்கென்று சுற்றியதை வாங்க வேண்டும். பழைய படங்களில் பிளக் இரண்டு பின்தான். இங்கே மூன்று பின் கட்டாயம். எர்த் கம்பியைச் சேஸிஸில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும், ஃபேஸில் ஃபியூஸ் வேண்டும். வீட்டு எர்த்தே சரியில்லை என்றால் முதலில் எலெக்ட்ரீஷியனைத்தான் கூப்பிட வேண்டும்.

உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் டி.சி. ஓடும். சுவிட்சை அணைத்த பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். அதனால் 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை அவற்றுக்கு இணையாக நிரந்தரமாகப் போட்டுவிடுவது வழக்கம். அணைத்தால் தானாகச் சார்ஜ் வடிந்துவிடும். அப்படியும் கை வைக்கும் முன் மல்டிமீட்டரில் சில வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஓடும்போது அளக்க நேர்ந்தால், ஒரு கை பாக்கெட்டில். இரண்டு கையும் உள்ளே இருந்தால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும். தனியாக இருக்கும்போது இந்த வேலை வேண்டாம்.

ஸ்பீக்கரை இணைக்காமல் ஆன் செய்யவும் கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். எல்லாம் சரியாக அமைந்தால் கிடைப்பது சுமார் 5 வாட். 'இவ்வளவுதானா?' என்று குறைவாக நினைத்து வால்யூமை முழுக்கத் திருப்பினால், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.