சிரிப்பைத் திருத்தும் முன்

சென்னை ஆழ்வார்பேட்டை டி.டி.கே. சாலைப் பக்கம் போனால் பல் மருத்துவமனைப் பலகைகளில் சிரிக்கும் முகங்களைப் பார்க்கலாம். கல்யாணம் நிச்சயமானதும் படியேறி, "பல்லு பளிச்சுன்னு ஆகணும் டாக்டர்" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பதில் தப்பே இல்லை. வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிப்பவர்களின் கூச்சம் பெரிய வேதனை. ஆனால் நாற்காலியில் சாயும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: பல்லின் வெளி அடுக்கான எனாமல் திரும்ப வளராது.

நம் உடம்பிலேயே கெட்டியான பொருள் அது. எடையில் சுமார் 96 சதவீதம் தாதுப்பொருள். அதைக் கட்டிய செல்கள், பல் ஈறைத் தாண்டி வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன. எனாமலுக்கு அடியிலுள்ள டென்டினுக்கு இயல்பான நிறமே மஞ்சள்தான். வயதாக ஆக எனாமல் தேய்ந்து அந்த மஞ்சள் தூக்கலாகத் தெரியும். மஞ்சள் பல்லெல்லாம் அழுக்குப் பல் அல்ல.

காபி, வெற்றிலைக் கறைக்குப் பெரும்பாலும் 'க்ளீனிங்' போதும். அதைச் செய்தால் பல் ஆடிப்போகும் என்ற பயம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. இடுக்கை அடைத்திருந்த காரை போனதும் இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். உள்நிறத்தை வெளுக்கப் பெராக்சைடு ஜெல் உண்டு. சில நாள் பல் கூசும். பல்லுக்கு உறையாக மாட்டிய பழைய கேப்பும், குழியை அடைத்த சிமென்டும் மட்டும் இதனால் வெளுக்காது.

பல்லின் முன்பக்கத்தை மூடும் மெல்லிய ஓடான வெனீரின் கதை சுவையானது. 1928 வாக்கில் ஹாலிவுட்டில் சார்லஸ் பின்கஸ் என்ற பல் மருத்துவர், நடிகர்களின் பல்மேல் மெல்லிய ஓடுகளைப் பல்செட் ஒட்டும் பொடியால் ஒட்டிவிட்டார். படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றிவிட வேண்டியதுதான். நிலைத்து ஒட்டும் வழியை 1955-இல் மைக்கேல் புவனகோர் காட்டினார். பாஸ்பாரிக் அமிலம் தடவினால் எனாமலில் நுண்குழிகள் விழும். பிசின் அவற்றுக்குள் இறங்கிக் கெட்டிப்படும். பல் நிறத்தில் பூசி, நீல ஒளி காட்டி இறுக வைக்கும் காம்போசிட்டும், அரை மில்லிமீட்டர் அளவே கனமுள்ள பீங்கான் வெனீரும் இந்தக் குழிகளை நம்பித்தான் நிற்கின்றன. காம்போசிட்டுக்குப் பல்லை அநேகமாகச் சீவ வேண்டியதில்லை. வெனீருக்குக் கொஞ்சம் சீவுவார்கள். கேப்புக்குச் சுற்றிலும் சீவ வேண்டும். கோணல் பல்லை நேராக்க, ஆரோக்கியமான பற்களைச் சீவிக் கேப் மாட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதற்குக் கம்பியோ, கழற்றி மாட்டும் அலைனரோ இருக்கிறது. மாதங்கள் பிடித்தாலும் பல் முழுதாக மிஞ்சும்.

கறையே நோயாக வருவதும் உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பல் உருவாகும் வயதில் அந்தத் தண்ணீரையே குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு முன்பற்களில் பழுப்புத் திட்டு விழுந்துவிடுகிறது. எத்தனை துலக்கினாலும் போகாது. மேலோட்டமான கறையை அமிலமும் நுரைக்கல் பொடியும் கலந்து லேசாகத் தேய்த்தே எடுத்துவிடலாம். ஆழமாக இருந்தால் காம்போசிட்டோ வெனீரோ வேண்டும். முன்பற்களின் எனாமல் எட்டு வயதுக்குள் உருவாகி முடிந்துவிடும் என்பதால், அங்குள்ள குழந்தைகளுக்கு எந்த வெனீரையும்விட காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம்தான் முக்கியம்.