இரண்டு சாவிகள்

சேயாற்றங்கரை மாகறல், சம்பந்தர் பாடிய தலம். அவ்வூரில் கோயிற் பூட்டைத் திறப்பதும் 'சாவி'. கழனியில் மணி பிடியாமல் பதராய்ப் போன பயிரும் 'சாவி'. ஓசை ஒன்றாயிருத்தலால் இரண்டும் ஒரே சொல்லென்று துணிவோர் ஏமாறுவர்.

பயிர்ச் சாவி, 'சா' என்னும் நம் வினையடியிற் பிறந்தது. பூட்டுச் சாவியோ, 1498இல் கள்ளிக்கோட்டைக்கு வந்த போர்த்துகீசியரின் பாஷையிலுள்ள 'சாவே' என்பதன் திரிபு. அதற்குத் தாய் லத்தீன் மொழியின் 'கிளாவிஸ்'. அத்தாய்க்கே பிறந்து, இத்தாலியில் 'கியாவே' என்றும், ஸ்பெயினில் 'யாவே' என்றும், பிரான்சில் 'கிளே' என்றும் அச்சொல் வழங்குகிறது. பிரெஞ்சுக்காரர் சங்கீதத்தில் ஸ்வர ஸ்தானம் காட்டும் குறிக்கும் அதனையே பெயராக்கினர். நாமோ கடிகாரத்துக்கும் சாவி கொடுத்தோம்.

போர்த்துகீசியர் ஆட்சி 1961இல் கோவாவை விட்டும் அகன்றது, சொல் நின்றுவிட்டது. அதனை விரட்டுவதே தேசாபிமானம் என்பாரும், அதுவும் தமிழே என்று சாதிப்பாரும் உளர். இருவர்க்கும் நாம் கூறுவது ஒன்றே: கடன் வாங்கியதை ஒப்புக்கொள்வதில் இழிவில்லை, மறைப்பதே இழிவு. ஆயினும், கடன் வாங்கியவன் தன் வீட்டுச் சொத்தை மறந்துவிடலாகாது. 'திறவுகோல்' என்னும் நம் சொல்லையும் நம் குழந்தைகள் அறிந்து வளர்வார்களாக!