பெட்டி குளிர்ந்தது, அறை கொதிக்கிறது

கிணற்றுப் பாசனம் பார்த்து வளர்ந்த வீரசோழன் பக்கத்து ஆட்களுக்கு வாட்டர் கூலிங் ஒன்றும் புதிதல்ல. கிணற்று மேட்டில் ஆயில் இன்ஜின் தடதடத்துக்கொண்டிருக்கும். வாய்க்காலுக்குத் தண்ணீர் போகும் குழாயிலிருந்து விரல் தண்டிக்கு ஒரு டியூப் பிரிந்து, இன்ஜினின் வயிற்றுக்குள் நுழைந்து, மறுபக்கம் வெதுவெதுப்பாகக் கொட்டும். மார்கழிக் காலையில் அதில் கைகால் கழுவிக்கொள்ள எங்களுக்குள் சண்டையே நடக்கும். இன்ஜினைத் தொட்டு வந்த அந்தத் தண்ணீர் மறுபடி இன்ஜினுக்குப் போகாது, வயலுக்குப் போய்விடும். சூடும் அதோடு போய்விடும்.

கம்ப்யூட்டருக்குள் மாட்டுவதும் அதே ஏற்பாடுதான். ஆனால் அங்கே வயல் கிடையாது.

வீரசோழனில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் தம்பி ஒருவர் இந்தச் சித்திரையில் வாட்டர் கூலர் வாங்கினார். மாடியில் பத்துக்குப் பத்து அறை, மேலே வெறும் கான்கிரீட் தளம், ஒற்றை ஜன்னல். முகூர்த்தங்கள் குவிகிற மாதங்களும் வெயில் கொளுத்துகிற மாதங்களும் நம் ஊரில் ஒன்றுதான். “காலையில நாப்பது நிமிசத்துல முடியுற வேலை, மத்தியானம் ஒன்றரை மணி நேரம் இழுக்குதுண்ணே” என்றார். காரணம் அவருக்கே தெரியும். பிராசஸர் 95 டிகிரியைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. வீடியோக்களில் சொன்னபடி 240 மில்லிமீட்டர் ரேடியேட்டர் உள்ள ஒன்றை ஆன்லைனில் வரவழைத்துவிட்டார். அதை மாட்டும்போது நானும் கூட இருந்தேன்.

மாட்டுவது ஒரு மணி நேர வேலை. பிராசஸர் மேல் பயறு அளவுக்குத் தெர்மல் பேஸ்ட். அதன்மேல் செம்புத் தகடு உள்ள பிளாக். நான்கு திருகுகளையும் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். தகட்டின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்துவிட்டு, கூலர் சரியில்லை என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. முக்கியமான விஷயம், ரேடியேட்டரின் உச்சி பம்ப்பைவிட மேலே இருக்க வேண்டும். உள்ளே எப்போதும் கொஞ்சம் காற்று இருக்கும். அது மேட்டில்தான் போய்த் தங்கும். அந்த மேடு ரேடியேட்டராக இருந்தால் கவலையில்லை. பம்ப்பாக இருந்தால் கடகடவென்று சத்தம் போட்டுச் சீக்கிரமே செத்துப்போகும். ஏர் லாக் ஆன மோட்டார் பம்ப்புசெட்டோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அவர் வாங்கியது தண்ணீர் அடைத்து சீல் வைத்தே வருகிற வகை. தனித்தனியாக வாங்கிக் குழாய் இணைத்துக் கட்டுகிற வகையும் உண்டு. அதில் இறங்கும் முன் இந்தச் சீமையின் தண்ணீரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. போர் தண்ணீர் ஆயில் இன்ஜினுக்குள் உப்புப் படிந்து அடைத்த கதை நம் பெரியவர்களுக்குத் தெரியும். பிளாக்கின் உள்ளே இருப்பவை மிக மெல்லியதாகச் செதுக்கிய வழிகள். அங்கே உப்புத் தண்ணீர் விட்டால் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். கேன் தண்ணீரும் ஆகாது. இன்வெர்ட்டருக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் வேண்டும், அதில் பாசி பிடிக்காமலும் உலோகம் அரிக்காமலும் இருக்க மருந்து கலக்க வேண்டும். செம்பு பிளாக்கோடு அலுமினிய ரேடியேட்டரைச் சேர்த்தால் இரண்டில் ஒன்று அரித்துக்கொண்டே போகும். கட்டி முடித்ததும் போர்டுக்குக் கரண்ட் கொடுக்காமல் பம்ப்பை மட்டும் ஒரு முழு நாள் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே டிஷ்யூ பேப்பர் வைத்து ஈரம் தட்டுகிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

முதல் நாள் காலையில் அவருக்கு ஒரே சந்தோஷம். முழுச்சுமையில் 78 டிகிரி. மத்தியானம் இரண்டரை மணிக்கு அதே வேலைக்கு 93. வேகம் மறுபடி தடுமாறத் தொடங்கியது. சுவரில் மாட்டியிருந்த வெப்பமானி அறைக்குள் 39 காட்டியது.

கூலர் மேல் தப்பே இல்லை. அதே கொள்ளளவு காற்றைவிடச் சுமார் 3,500 மடங்கு வெப்பத்தைத் தண்ணீர் சுமக்கும். அது நல்ல சுமைதூக்கிதான், ஆனால் சுமையை இறக்கி வைக்கும் இடம் அறையின் காற்று. மண்பானைத் தண்ணீர் குளிர்வது, கொஞ்சம் தண்ணீர் கசிந்து ஆவியாகிப் போவதால். மூடிய டியூபுக்குள் சுற்றும் தண்ணீருக்கு அந்த வழி கிடையாது. அறை எவ்வளவு சூடோ, அதற்குக் கீழே அது ஒருநாளும் இறங்காது. இருபத்துநாலு டிகிரி அறையில் எடுத்த வீடியோவைப் பார்த்து முப்பத்தொன்பது டிகிரி அறையில் மாட்டினால், அந்தப் பதினைந்து டிகிரியும் அப்படியே பிராசஸர் தலையில் ஏறும்.

சத்தம் குறைவு என்றும், சில நிமிட வேலைகளில் தண்ணீர் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் என்றும் வாட்டர் கூலருக்கு ஆதரவாகச் சொல்கிறார்கள். அதுவும் சரிதான்.

என் கவலை வேறு. உச்ச வேகத்தில் ஓடும் இன்றைய பெரிய பிராசஸர் ஒன்று 250 வாட் இழுக்கிறது. பெரிய கிராபிக்ஸ் கார்டு 450 வாட். இரண்டும் சேர்ந்தால் இஸ்திரிப் பெட்டியை ஆன் செய்து நாள் முழுக்க அறைக்குள் வைத்த மாதிரி. காற்றில் குளிர்வித்தாலும் தண்ணீரில் குளிர்வித்தாலும் அதில் ஒரு வாட்கூடக் குறையாது. சூரிச்சில் உள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2010-ல் அக்வாசார் என்ற கம்ப்யூட்டரை நிறுவினார்கள். 60 டிகிரி வெந்நீரை விட்டே பிராசஸர்களைக் குளிர்வித்து, மிஞ்சிய சூட்டைக் கட்டடத்தைக் கதகதப்பாக்க அனுப்பினார்கள். குளிர் நாட்டுக்கு அந்தச் சூடு வரவு. திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே 25 அன்று தொடங்கிவைக்கப்பட்ட 838 டெராஃபிளாப்ஸ் சூப்பர் கம்ப்யூட்டரான ‘பரம் பொருள்’ இயந்திரத்திலும் பிராசஸர்களைத் தொட்டே திரவம் ஓடுகிறது. அதுபோன்ற இடங்களில் சூட்டைக் கட்டடத்துக்கு வெளியே கொண்டுபோகத் தனி ஏற்பாடு இருக்கும். வீரசோழன் மாடி அறையில் அந்தக் கடைசிக் கண்ணிதான் இல்லை.

அந்தக் கண்ணி ஒருகாலத்தில் நம் வீடுகளில் இருந்தது. நாட்டு ஓட்டின் இடுக்குகள் வழியே சூடு மேலே ஏறிப் போய்விடும். அதை இடித்துவிட்டுத்தான் தளம் போட்டோம். மழைக்கு ஒழுகாது, பாம்பு விழாது, நியாயமான காரணங்கள்தான். ஆனால் தளத்தின் மேல் தட்டோடு பதிக்கவும் காசு இல்லாமல், சுண்ணாம்பும் அடிக்காமல், கறுத்த சிமெண்டாக விட்டுவிடுகிறோம். பகல் முழுக்க வாங்கிய வெயிலை அது ராத்திரி இரண்டு மணி வரை கீழே இறக்குகிறது. பக்கத்துக் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைந்ததே, அதற்குக் காரணமான வெயில் இது. கரண்ட் எடுக்கிற பலகைகூடச் சூடேறினால் டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் விளைச்சல் குறைந்துவிடும்.

கம்ப்யூட்டர் தப்பித்துக்கொள்ளும். தாங்காவிட்டால் வேகத்தைக் குறைக்கும், அதற்கும் மிஞ்சினால் தானே அணைந்துவிடும். அதே தளத்தின் கீழ் அடுத்த அறையில் படுக்கிற பிள்ளைகளுக்கும் கிழவிகளுக்கும் யார் அந்தச் சுவிட்சு வைத்தது? 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. தெலங்கானா 2023-லேயே குளிர்கூரைக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. இங்கே ஒரு வீட்டுக்கு வரைபடம் போடும்போது வாசல் எந்தத் திசை, பூஜை அறை எந்த மூலை என்று கேட்கிற நாம், சூடு எந்த வழியாக வெளியேறும் என்று கேட்பதே இல்லை. வெயிலில் வெந்த அறையில் தூங்காமல் எழுந்து பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

தம்பி இப்போது கேபினெட்டுக்குப் பின்னால், சுவரில் அரை அடிக்கு ஓட்டை போட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்துவிட்டார். ரேடியேட்டரின் சூடு நேராகத் தெருப்பக்கம் போகிறது. கரிசல் புழுதி அடைக்காமல் மாதம் ஒருமுறை புளோயர் அடிக்கிறார், அடிக்கும்போது விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்கிறார். மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு இரண்டு பூச்சு. மத்தியான வேலை 84 டிகிரியில் நிற்கிறது.

ஓட்டை போட வந்த கொத்தனார் கிளம்பும் நேரத்தில் தம்பியின் அம்மா மாடிப்படி ஏறி வந்து ஃபேனுக்கு முன்னால் கையை நீட்டிப் பார்த்தார். “ஏம்ப்பா, நாங்க படுக்கிற ரூம்புலயும் இப்படி ஒண்ணு போட எவ்வளவு ஆகும்?” என்று கேட்டார். கொத்தனார் ஏணியைக் கீழே வைத்துவிட்டு, அளவு டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.