ஒவ்வாமையும் இயற்கை வழியும்

நள்ளிரவு, வீட்டார் அனைவரும் உறங்குகின்றனர். ஒருவர் மட்டும் பாயில் எழுந்து உட்கார்ந்து, கைகளை ஊன்றிக்கொண்டு மூச்சுக்குப் போராடுகிறார். மற்றொரு வீட்டில் ஒரு குழந்தை முழங்கை மடிப்பைச் சொறிந்து சொறிந்து உறக்கமின்றி அழுகிறது. முன்னதை ஆஸ்துமா என்றும் இரைப்பு என்றும் கூறுகிறோம். பின்னதைக் கரப்பான் என்கிறோம். இவ்விரண்டும், விடியற்காலையில் தொடர்ந்து வரும் தும்மலும், பல குடும்பங்களில் உடன்பிறப்புகளைப் போலச் சேர்ந்தே காணப்படுகின்றன.

1906ஆம் ஆண்டில் வியன்னா நகர மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்க்கே 'அலர்ஜி' என்னும் சொல்லை ஆக்கினார். 'வேறான செயல்' என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொற்களிலிருந்து பிறந்தது அது. நாம் ஒவ்வாமை என்கிறோம். பிறருக்குத் தீங்கு செய்யாத மகரந்தத்தையோ தூசியையோ நிலக்கடலையையோ சிலருடைய உடல் பகையெனக் கருதிப் போர் தொடுக்கிறது. போர்க்களம் மூக்கானால் தும்மல். மூச்சுக்குழலானால் அது வீங்கிச் சுருங்கி இரைப்பு உண்டாகிறது. தோலானால் அரிப்பும் தடிப்பும் தோன்றுகின்றன. எல்லா இரைப்புக்கும் எல்லாக் கரப்பானுக்கும் ஒவ்வாமை ஒன்றே காரணம் என்று கூற இயலாது. எனினும் மிகப் பலரிடம் அதற்குப் பங்கு உண்டு.

இவற்றுக்கு இயற்கை வழியில் தீர்வு உண்டா எனக் கேட்போர் பலர். கேட்கும்போதே ஏதேனும் ஒரு பச்சிலையை அவர்கள் எதிர்பார்க்கின்றனர். ஆனால் நோயைத் தூண்டும் பொருளைக் கண்டறிந்து விலக்குவதே இயற்கை வழியின் முதற்படியாகும்.

1552ஆம் ஆண்டில், ஸ்காட்லாந்தின் பேராயர் ஜான் ஹாமில்டனுக்கு மருத்துவம் செய்ய, இத்தாலியிலுள்ள மிலான் நகரிலிருந்து கார்டானோ என்னும் மருத்துவர் எடின்பரோ சென்றார். பேராயரை இரைப்பு நெடுநாளாக வாட்டிவந்தது. உணவையும் உறக்கத்தையும் ஒழுங்குபடுத்திய கார்டானோ, இறகு அடைத்த படுக்கையை அகற்றச் செய்தார். பேராயர் நலம் பெற்றார். ஒவ்வாமை என்னும் கருத்தே பிறவாத காலம் அது.

காரணத்தைச் சோதனையால் காட்டியவர் மான்செஸ்டர் நகரத்து சார்லஸ் பிளாக்லி. ஆண்டுதோறும் தும்மலால் துன்புற்ற அவர், புல்லின் மகரந்தத்தைத் தம் மூக்கிலும் கீறிய தோலிலும் வைத்துப் பார்த்தார். பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைப் பட்டத்தில் கட்டிப் பறக்கவிட்டு, உயரத்திலும் மகரந்தம் மிதப்பதைக் கண்டார். 1873இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார்.

வீட்டுத் தூசியின் மறைபொருள் பின்னரே விளங்கியது. ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே நீளமுள்ள நுண்ணுண்ணிகள் அதில் வாழ்கின்றன என்பதையும், அவை ஒவ்வாமையைத் தூண்டுகின்றன என்பதையும் நெதர்லாந்து நாட்டு அறிஞர்கள் 1960களில் நிறுவினர். நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகளே அவற்றுக்கு உணவு. ஈரக் காற்றே அவற்றுக்கு உயிர். ஆகவே படுக்கை விரிப்புகளை வாரந்தோறும் 60 டிகிரி வெந்நீரில் துவைப்பதும், தலையணையை வெயிலில் நன்கு காயவைப்பதும், தரையை ஈரத்துணியால் துடைப்பதும் நன்று. இவற்றுள் ஒன்றை மட்டும் செய்து பெரும்பயன் எதிர்பார்த்தல் கூடாது. கொசுவர்த்திப் புகை, சாம்பிராணிப் புகை, விறகடுப்புப் புகை, புகையிலைப் புகை ஆகியவற்றையும் இரைப்பு உடையவர் இருக்கும் அறையிலிருந்து விலக்க வேண்டும்.

கரப்பானில் தோலின் காப்புச்சுவர் வலுவிழந்திருக்கிறது, ஈரம் வெளியேறுகிறது, உறுத்தும் பொருள்கள் உள்ளே நுழைகின்றன. வெதுவெதுப்பான நீரில் விரைவில் குளித்து, ஈரம் உலருமுன் மணமற்ற மென்களிம்பைத் தடவுதல், காரமான சோப்பைத் தவிர்த்தல், பருத்தி ஆடை அணிதல், நகத்தைக் குறுக வெட்டுதல் ஆகியவை எளிய காவல்கள். கத்தரிக்காயும் கருவாடும் கரப்பான் பண்டங்கள் என்று கூறி, எல்லாக் குழந்தைகளுக்கும் அவற்றை மறுக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஒருவருக்கு ஒவ்வாதது மற்றொருவருக்கு நல்லுணவாகலாம். எந்நாளில், எவ்விடத்தில், எதை உண்டபின் நோய் மிகுந்தது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தால், அது மருத்துவருக்குப் பெரிதும் துணைசெய்யும். ஆராயாது உணவுகளைக் குறைத்தால் குழந்தை மெலிவதே மிச்சம்.

பச்சிலைகளில் பயனே இல்லையா? உண்டு. நம் ஊர் வேலிகளில் வளரும் ஆடாதோடையின் சத்தை அடிப்படையாகக் கொண்டே சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் உருவாயிற்று. எகிப்தியரின் மூலிகையான கெல்லாவின் வழியில் தோன்றியது குரோமோகிளைகேட். ஆஸ்துமா உடைய ரோஜர் அல்டூன்யன் என்னும் மருத்துவர், இங்கிலாந்தில், இரைப்பைத் தூண்டும் பொருளைத் தாமே முகர்ந்து, பல கலவைகளைத் தம் உடலிலேயே சோதித்தார். 1965இல் இம்மருந்து கிடைத்தது. இலையிலிருந்து மருந்து வரை உள்ள வழி சோதனையால் ஆனது. சோதிக்கப்படாத பொடிகளும் தைலங்களும் இயற்கையானவை என்பதனாலேயே தீங்கற்றவை ஆகிவிடா. மூச்சுப் பயிற்சி சிலருக்கு அமைதி தருகிறது. துன்பத்தையும் சற்றுக் குறைக்கிறது. மூச்சுக்குழலின் வீக்கத்தை அது ஆற்றுவதில்லை.

உறிஞ்சும் மருந்து பழக்கமாகிவிடும் என்றஞ்சி, பலர் அதனை இடையில் நிறுத்துகின்றனர். மாணவரோ தோழர் முன் எடுக்க வெட்கப்பட்டு மறைக்கின்றனர். வீக்கத்தை ஆற்றும் அம்மருந்தின் அளவு மைக்ரோகிராமில், அதாவது ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்னும் அலகில், கணக்கிடப்படுகிறது. அது நேரே மூச்சுக்குழலைச் சேர்வதால் அவ்வளவே போதுமானதாகிறது. அதனை நிறுத்தியதால் உயிரிழந்தவர்களும் உண்டு. ஒரு வாக்கியத்தை முடிக்க இயலாதபடி மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, கைம்மருந்து தேடிக் காலம் கழிக்காமல் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

வகுப்பில் உங்கள் அருகே அமர்ந்திருக்கும் தோழர் மருந்துக் குழலை எடுத்தால் ஏளனமாகப் பார்க்காதீர்கள். கரும்பலகையின் சுண்ணத்தூள் பறக்காத இடத்தை அவருக்கு விட்டுக்கொடுங்கள். அவருடைய நோய்க்கு நீங்கள் செய்யக்கூடிய இயற்கை மருத்துவம் அதுவே.