சக்கர நாற்காலிக்கும் அளவு உண்டு

தீபாவளிக்குச் சட்டை தைக்கக் கொடுத்தால், தோள், மார்பு, கை என நாடாவை வைத்து அளந்து குறித்துக்கொண்ட பிறகே தையற்காரர் துணியில் கத்தரியை வைக்கிறார். சில மணி நேரம் உடுத்திக் களையும் சட்டைக்கு இவ்வளவு அக்கறை காட்டும் நாம், நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம், ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருக்க வேண்டிய சக்கர நாற்காலியை மட்டும் அளவு பாராமல் வாங்கிக்கொள்கிறோம். கடையில் இருப்பது எதுவோ, முகாமில் கிடைப்பது எதுவோ, பக்கத்து வீட்டுப் பெரியவர் காலமானபின் திண்ணையில் மடித்து வைக்கப்பட்டிருப்பது எதுவோ, அதுவே நம் வீட்டு நோயாளிக்கும் வந்து சேருகிறது. இதனால் விளையும் தீங்குகளை எங்கள் புறநோயாளிப் பிரிவில் வாரந்தோறும் காண்பதால், இவ்விதழில் அதுபற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறோம்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் சக்கர நாற்காலி தேவைப்படுவோர் யார்? இவ்விரு ஊர்களையும் இணைக்கும் ஜி.எஸ்.டி. சாலையில் விபத்துக்குள்ளாகித் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்கள், பனைமரத்திலிருந்தும் கட்டடச் சாரத்திலிருந்தும் தவறி விழுந்தவர்கள், பக்கவாதம் கண்டவர்கள், சர்க்கரை நோயால் காலை இழந்தவர்கள், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகள், முதுமையால் நடை தளர்ந்தவர்கள் எனப் பட்டியல் நீளும். மக்கள் தொகையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்குச் சக்கர நாற்காலி தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. கள்ளக்குறிச்சி பிரிந்தபின் விழுப்புரம் மாவட்டத்தின் மக்கள் தொகை 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 20 லட்சம். அவ்வகையில் நம் மாவட்டத்தில் மட்டும் ஏறக்குறைய 20,000 பேர்.

விபத்தில் சிக்கியவரின் உயிரைக் காப்பதில் தமிழ்நாடு பெரிதும் முன்னேறியிருக்கிறது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம், திண்டிவனத்திற்கு வடக்கே இதே சாலையில் உள்ள மேல்மருவத்தூரில்தான் 2021 டிசம்பரில் தொடங்கி வைக்கப்பட்டது. அந்த 48 மணி நேரத்திற்குப் பின்னும் அவருக்கு நாற்பது ஐம்பது ஆண்டு வாழ்க்கை இருக்கக்கூடும். அந்த வாழ்க்கை எப்படி அமையும் என்பதில் அவர் அமரும் நாற்காலிக்குப் பெரும் பங்குண்டு.

பொருந்தாத நாற்காலி உடம்பை என்ன செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம். இருக்கை அகலமாக இருந்தால் உட்காருபவர் ஒரு பக்கமாகச் சாய்வார். நாளடைவில் முதுகெலும்பே அப்பக்கம் வளையும். சக்கரத்தை எட்டிப் பிடிக்கத் தோள்களை அகல விரித்துத் தள்ள வேண்டியிருப்பதால் தோள்மூட்டு தேயும். கால் இயங்காதவருக்குக் கையே காலும் ஆகும் என்பதால், தோள்வலி வந்துவிட்டால் நாற்காலியைத் தள்ளுவதும், கட்டிலுக்கு மாறுவதும், கழிப்பறைக்குச் செல்வதும் ஒருசேர நின்றுபோகும். இருக்கையின் ஆழம் மிகுந்தால் அவர் முன்னோக்கி வழுக்கி, வால் எலும்பின்மீது அமர்ந்தவாறு கூன் விழுந்து கிடப்பார். அந்நிலையில் நெஞ்சு விரியாது, மூச்சு ஆழமாகப் போகாது, உணவு விழுங்குவதும் கடினமாகும். பக்கவாதம் கண்ட முதியவர்களுக்குப் புரையேறுவதற்கு இவ்வாறு சரிந்து அமர்வதும் ஒரு காரணம் என்பதைப் பல குடும்பங்கள் அறிவதில்லை.

எல்லாவற்றினும் நாங்கள் அஞ்சுவது அழுத்தப்புண்ணுக்கு. படுக்கைப்புண் என்ற பழகிய பெயரால், படுத்தே இருப்பவர்களுக்குத்தான் அது வரும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். உட்கார்ந்தே இருப்பவருக்கும் வரும். நாம் அமரும்போது உடம்பின் எடையில் பெரும்பகுதி பிட்டத்தின் அடியில் உள்ள இரண்டு எலும்பு முனைகளில் இறங்குகிறது. உணர்ச்சியுள்ளவர் சிறிது நேரத்தில் தன்னை அறியாமலேயே அசைந்து உட்காருவார். தண்டுவடக் காயம் பட்டவருக்கு அந்த வலி எட்டுவதில்லை. எனவே அசைவதும் இல்லை. அழுத்தப்பட்ட இடத்திற்கு இரத்தம் செல்லாமல் தசை உள்ளுக்குள் அழுகத் தொடங்குகிறது. மேலே நாலணா அளவுக்குத் தெரியும் புண், உள்ளே எலும்பு வரை போயிருக்கக்கூடும். ஆறுவதற்கு மாதக்கணக்காகும்; கிருமி இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. விபத்தில் பிழைத்தவர் சில ஆண்டுகள் கழித்து ஒரு புண்ணால் மாள்வது எங்கள் துறையில் மிகவும் துயரமான முடிவு. தடுத்திருக்கக்கூடிய முடிவும் அதுவே.

தோல் சிவந்தால் கவனியுங்கள் என்று பாடநூல்களில் எழுதியிருப்பார்கள். நம்மில் பலருடைய நிறத்தில் சிவப்புத் தெரியாது. எனவே தினமும் காலையும் இரவும் கண்ணாடி வைத்தோ, வீட்டாரின் உதவியுடனோ பிட்டம், வால் எலும்பு, குதிகால் ஆகிய இடங்களைப் பார்ப்பதோடு தொட்டும் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ கருத்தோ இருந்து, அழுத்தம் நீங்கிய பின்னும் மாறாதிருந்தால், அந்த இடத்தின்மீது மறுபடி உட்காராமல் மருத்துவமனைக்கு வாருங்கள்.

இனி அளவு. இதற்கு ஒரு தையல் நாடாவும் உங்கள் விரல்களும் போதும். நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்த பிறகு, இடுப்பின் இரு பக்கமும் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தால் அகலம் சரி. முழங்காலின் பின்மடிப்புக்கும் இருக்கையின் முன்விளிம்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் புகுமானால் ஆழம் சரி. கால்தாங்கியில் பாதம் முழுமையாகப் பதிந்திருக்க, தொடை இருக்கையோடு படிந்திருக்க வேண்டும். கால்தாங்கி உயர்ந்திருந்தால் முழங்கால் மேலெழுந்து எடை முழுவதும் பிட்டத்து எலும்புகளில் இறங்கும்; தாழ்ந்திருந்தால் கால் தொங்கி, உடம்பு முன்னே வழுக்கும். தானே தள்ளுபவராயின், சக்கரத்தின் உச்சியில் கை வைக்கும்போது முழங்கை செங்கோணத்தைவிடச் சற்று விரிந்து நிற்க வேண்டும். முதுகுச்சாய்வு தோள்பட்டை எலும்பின் அசைவைத் தடுக்காத உயரத்தில் இருந்தால் தள்ளுவது எளிது. உடல் சமநிலை குறைந்தவர்களுக்கு இன்னும் உயரம் வேண்டும். அதை நாங்களோ இயன்முறை மருத்துவரோ பார்த்துச் சொல்வதே நல்லது.

நாற்காலி எவ்வளவு முக்கியமோ மெத்தையும் அவ்வளவு முக்கியம். நம் ஊரில் கிடைக்கும் மடக்கு நாற்காலிகளின் இருக்கை பெரும்பாலும் தொய்ந்த ரெக்சின் துணி. அக்னி நட்சத்திர வெயிலில் அதன்மேல் அமர்ந்தால் வியர்வை போக வழியில்லை. சிறுநீர்க் கசிவும் சேர்ந்தால் தோல் ஊறிப் பிய்ந்துவிடும். அழுத்தத்தைப் பரப்பும் மெத்தையைப் போட்டு, மேலே பருத்தி உறையை இட்டு, நனைந்தவுடன் மாற்ற வேண்டும். வளையமாக நடுவில் ஓட்டையுள்ள காற்றுக் குஷனைப் பலர் நல்லதென்று வாங்கிவருகிறார்கள். அந்த வளையமே சுற்றிலும் இரத்த ஓட்டத்தை நெருக்குவதால் அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. எந்த மெத்தையானாலும் இருபது முப்பது நிமிடங்களுக்கு ஒருமுறை எடையை இடம் மாற்ற வேண்டும். கைகளை ஊன்றி உடலைத் தூக்குவதைவிட, மார்பு தொடையை நோக்கி வருமாறு முன்னே குனிந்து இரண்டு நிமிடம் இருப்பது தோள்களுக்கு நல்லது. தொலைக்காட்சித் தொடரில் விளம்பரம் வரும்போதெல்லாம் குனியுங்கள் என்று நாங்கள் சொல்வதுண்டு. கடிகாரத்தைவிட இது நன்றாகவே வேலை செய்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட வழிகாட்டியில் சக்கர நாற்காலிச் சேவையை எட்டுப் படிகளாகப் பிரித்திருந்தது. 2023-இன் புதிய வழிகாட்டி அதை நான்காகச் சுருக்கியுள்ளது: தேர்ந்தெடுத்தல், பொருத்துதல், பயிற்றுவித்தல், தொடர்ந்து கவனித்தல். நம்மிடையே பெரும்பாலும் நடப்பது இவற்றில் எதுவுமன்று. ஐந்தாவதான ‘ஒப்படைத்தல்’ ஒன்றே. முகாமில் பெயர் கூப்பிட்டதும் நாற்காலி கைமாறுகிறது, புகைப்படம் எடுக்கப்படுகிறது, எல்லோரும் கலைகிறார்கள். நாற்காலி தரும் நல்ல உள்ளங்களைக் குறை கூறுவது எங்கள் நோக்கமன்று. ஆயினும் ஒரே அளவு நாற்காலியை எட்டு வயதுச் சிறுமிக்கும் எண்பது கிலோ எடையுள்ளவருக்கும் தருவது, ஒரே மாத்திரையை எல்லா நோய்க்கும் தருவது போன்றதுதான்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. மத்திய அரசின் ‘அடிப்’ திட்டம் 1981 முதல் நடைமுறையில் உள்ளது. கான்பூரில் 1972-இல் நிறுவப்பட்ட ‘அலிம்கோ’ நிறுவனம் அத்திட்டத்திற்கான சாதனங்களைச் செய்து தருகிறது. நாற்பது விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்றவர்கள் இதில் விண்ணப்பிக்கலாம். ஒருமுறை சாதனம் பெற்றால் அதே தேவைக்கு மறுபடி பெற 3 ஆண்டுகள் ஆக வேண்டும்; 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 1 ஆண்டு. ஆகவே தவறான அளவில் பெற்றுக்கொண்டால் அந்த மூன்று ஆண்டுகளையும் உங்கள் முதுகும் தோளும் சுமக்க நேரும். வாங்கும் இடத்திலேயே உட்கார்ந்து பார்த்து, பொருந்தவில்லையெனில் வேறு அளவு கேளுங்கள். இலவசமாகக் கிடைப்பதைக் குறை சொல்லலாமா என்று கூச வேண்டாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திற்குப் பின் இது சலுகையன்று.

மாநில அரசின் உதவிகளுக்கும் அடையாள அட்டைக்கும் விழுப்புரத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுக வேண்டும். திண்டிவனத்திலிருந்து வருவோருக்கு இது சுமார் 40 கிலோமீட்டர் பயணம். கூடவருபவருக்கு ஒருநாள் கூலி இழப்பு. இரண்டாம் முறை அலையாதிருக்க, ஆதார் அட்டை, குடும்ப அட்டை, மருத்துவச் சான்று, புகைப்படங்கள் ஆகியவற்றோடு, எங்கள் மருத்துவமனையில் எழுதித் தரும் அளவுச் சீட்டையும் மறவாமல் கொண்டுசெல்லுங்கள். மருந்துச் சீட்டைப் போலவே அதுவும் மருத்துவர் கையொப்பமிட்ட பரிந்துரை.

விபத்துச் செய்திகளில் ‘சக்கர நாற்காலியில் முடங்கினார்’ என்று எழுதும் வழக்கம் இன்னும் போகவில்லை. கட்டிலில் முடங்கியவரை வெளியே கொண்டுவருவது எதுவோ அதன்மீதே பழி விழுகிறது. வேலூரில் மருத்துவராயிருந்த மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் இயக்கம் இழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, அத்துறை நம் நாட்டில் வேரூன்ற வழிசெய்தார். வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் 1966-இல் அவர் முயற்சியால் எழுந்தது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், கழுத்துத் தண்டுவடக் காயத்துடன் வாழ்பவர். நமக்கு அடுத்த திருவண்ணாமலையில் தண்டுவடக் காயம் பட்டோருக்காக ‘சோல்ஃப்ரீ’ அமைப்பை நடத்தும் ப்ரீத்தி சீனிவாசனும் அவ்வாறே. இவர்களில் யாரையும் முடங்கியவர் என்று சொல்ல நமக்கு வாய் வருமா?

நாற்காலி சரியாக அமைந்தும் வீடு இடந்தராவிட்டால் பயன் குறையும். வாசற்படி அரையடி உயரமெனில் சரிவுப்பாதை ஆறடி நீளம் வேண்டும். அதாவது ஒன்றுக்குப் பன்னிரண்டு. அதைவிடச் செங்குத்தானால் ஒருவரால் தானே ஏற முடியாது. கழிப்பறைக் கதவு 90 சென்டிமீட்டர் அகலம் இருந்தால் நலம். இடமில்லாத வீடுகளில் கதவை வெளிப்பக்கம் திறக்குமாறு மாற்றுவதே பாதி வேலையை முடித்துவிடும். எங்கள் பெண் நோயாளிகள் சிலர் கழிப்பறைக்குப் பிறரைக் கூப்பிட வேண்டியிருக்கிறதே என்று பகலெல்லாம் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். அதன் விலை சிறுநீர்த் தொற்றும் சிறுநீரகக் கல்லும். கிராமங்களின் மண் தெருக்களில் சிறிய முன்சக்கரம் புதையும். அங்கே வசிப்பவருக்குப் பெரிய முன்சக்கரம் கொண்ட, நீண்ட அடித்தளமுள்ள வகை ஏற்றது. வயல்வரப்பை ஒட்டிய வீடா, தார்ச்சாலையை ஒட்டிய வீடா என்று நாங்கள் கேட்பது இதற்காகத்தான்.

பராமரிப்போருக்கு ஓரிரு சொற்கள். சரிவில் இறங்கும்போது நாற்காலியைப் பின்புறமாகத் திருப்பி, நீங்கள் கீழே நின்றபடி மெல்ல இறக்குங்கள். கட்டிலுக்கு மாற்றுமுன் இரு பக்க பிரேக்கும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். குனிந்து தூக்காமல் முழங்காலை மடக்கி நிமிருங்கள். கணவரைத் தூக்கித் தூக்கி மனைவியின் முதுகெலும்பு நழுவினால் வீட்டில் நோயாளிகள் இருவராவர். மாற்றுப் பலகை ஒன்று இருந்தால் தூக்கவே வேண்டாம். தச்சரிடம் சொல்லி, வழுவழுப்பாக இழைத்து வாங்கிக்கொள்ளலாம்.

பராமரிப்புக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. பெரும்பாலான நாற்காலிகளுக்கு ஊரில் உள்ள சைக்கிள் கடைக்காரரே போதும். காற்று, கம்பி, பேரிங், பிரேக் ஆகியவற்றை மாதம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். காற்றுக் குறைந்த டயர் தள்ளுபவரின் தோளை வருத்தும், பிரேக்கும் பிடிக்காது. மெத்தையைக் கையால் அழுத்தி, அடிப்பலகை தட்டுப்பட்டால் மாற்றும் காலம் வந்துவிட்டது. குழந்தைகளின் அளவை ஆறு மாதத்திற்கு ஒருமுறை மீண்டும் எடுக்க வேண்டும். பள்ளிச் சீருடை சிறுத்துப்போன ஆண்டில் நாற்காலியும் சிறுத்திருக்கும்.

அடுத்தமுறை பரிசோதனைக்கு வரும்போது உங்கள் நாற்காலியிலேயே அமர்ந்து வாருங்கள். ஆட்டோவில் இடமில்லை என்று வீட்டில் விட்டுவிட்டு, மருத்துவமனை நாற்காலியில் வருபவர்களே அதிகம். கொண்டுவர இயலாவிட்டால், வீட்டில் அதில் அமர்ந்த நிலையில் முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் இரண்டு படங்களைச் செல்பேசியில் எடுத்து வாருங்கள். இருக்கையின் அகலத்தையும் ஆழத்தையும் ஒரு தாளில் குறித்துவந்தால் மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.