முதுகுத்தண்டின் கதை – 9: குழிந்த பக்கத்துக்குச் செல்லும் மூச்சு

முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைந்து, அதோடு தன் அச்சிலேயே முறுக்கிக்கொள்ளும் நிலை ஸ்கோலியோசிஸ் எனப்படுகிறது. எக்ஸ்ரே படத்தில், வளைவின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் மிகுதியாகச் சாய்ந்திருக்கும் முள்ளெலும்புகளை ஒட்டிக் கோடுகள் வரைந்து, அவற்றுக்கு இடைப்பட்ட கோணத்தை அளக்கும் முறையை அமெரிக்க எலும்பு மருத்துவர் ஜான் ராபர்ட் காப் 1948-இல் விளக்கினார். காப் கோணம் என வழங்கும் அந்த அளவு 10 டிகிரியை எட்டினால்தான் ஸ்கோலியோசிஸ் என்ற பெயர் பொருந்தும். ஒரே படத்தை இருவர் அளந்தாலும் 5 டிகிரி வரை வேறுபாடு வரக்கூடும் என்பதால், சில வாரப் பயிற்சியில் மூன்று நான்கு டிகிரி குறைந்ததாகக் கூறும் விளம்பரங்களை நம்பி எவரும் பணத்தை இழந்துவிடக் கூடாது.

பெரியவர்களிடம் காணப்படும் வளைவு பெரும்பாலும் இரு வழிகளில் வருகிறது: ஒன்று, பதின்வயதில் தொடங்கி அப்படியே தங்கிவிட்டது, மற்றொன்று, ஐம்பது வயதுக்குப் பின், முள்ளெலும்புகளுக்கிடையே மெத்தைபோல் அமைந்த டிஸ்குகள் ஒரு பக்கமாகத் தேய்ந்து இடுப்புப் பகுதியில் புதிதாகத் தோன்றுவது. வளர்ச்சி நிற்கும்போது 30 டிகிரிக்குக் குறைவாக இருக்கும் முதல் வகை வளைவு பொதுவாக மேலும் கூடுவதில்லை. மார்புப் பகுதியில் 50 டிகிரியைத் தாண்டியதோ ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி என்ற அளவில் கூடிக்கொண்டே போகலாம். உடலை இறுக்கிப் பிடிக்கும் பிரேஸ், வளரும் எலும்பைத்தான் நெறிப்படுத்த வல்லது. வளர்ந்து முடிந்தவருக்கு அது சிறிது காலம் வலியைத் தணிக்க உதவும் என்றாலும், நாள் முழுதும் அணிந்திருந்தால் தசைகள் தம் வேலையை மறந்து நலிந்துபோகக்கூடும்.

அப்படியெனில், அறுவை சிகிச்சையின்றிச் செய்வதற்கு என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு மிக ஆழமான விடையைத் தந்தவர், மருத்துவர் அல்லாத ஒரு ஜெர்மானியப் பெண்மணி. 1894-இல் டிரெஸ்டன் நகரில் பிறந்த கத்தரீனா ஷ்ராத், தாமே ஸ்கோலியோசிஸால் துன்புற்று 16 வயதில் எஃகு பிரேஸ் அணிந்தவர். காற்று நிரம்பும்போது விரியும் பலூனைப் போலத் தம் உடலின் குழிந்த பகுதிகளையும் மூச்சால் விரிக்க இயலும் என்று கருதிக் கண்ணாடி முன் நின்று பயின்று, 1921 முதல் மைசன் நகரில் சிறு நிலையம் ஒன்றில் அம்முறையைப் பிறருக்குக் கற்பித்தார். 1961-இல் அந்நிலையம் சோபர்ன்ஹைம் ஊரில் வேரூன்றியது.

தண்டு முறுக்கிக்கொள்ளும்போது ஒரு பக்க விலா எலும்புகள் முதுகுப்புறம் புடைத்தெழ, மறுபக்கத்தில் அவை ஒன்றோடொன்று நெருங்கி அமுங்குகின்றன. உள்ளிழுக்கும் காற்று எளிதாக விரியும் புடைத்த பக்கத்தையே நாடுவதால், குழிந்த பக்கம் அசைவின்றி மேலும் இறுகுகிறது. இடுப்பை நிலைப்படுத்தி, தண்டை மேல்நோக்கி நீட்டி, அந்தக் குழிவை நோக்கியே மூச்சைச் செலுத்துவதுதான் ஷ்ராத் பயிற்சியின் கரு. பெரியவர்களிடம் இதனால் எலும்பு நேராவதில்லை. விலாக்களுக்கிடையே உள்ள தசைகள் தளர்வதும், நிற்கும் நிலையைத் தாங்கும் தசைகள் வலுவடைவதும், வலி குறைவதுமே எதிர்பார்க்கத் தக்கவை. கண்ணாடிக்கு இப்பயிற்சியில் உள்ள இடம் இன்னும் முக்கியமானது: பல்லாண்டுகள் சாய்ந்தே நின்றவரின் மூளை அச்சாய்வையே நேர் எனக் கொண்டுவிடுவதால், நேராக நிறுத்தப்பட்டவர் தாம் கோணலாக நிற்பதாகவே உணர்கிறார், அவ்வுணர்வை மாற்றாமல் தசையை மட்டும் வலுப்படுத்துவது பயனற்றது என்று ஷ்ராத் கண்டதே அவருடைய தலையாய பங்களிப்பு. அதற்குக் காலம் பிடிக்கும் என்பதாலேயே மைசனில் ஒவ்வொருவரும் மூன்று மாதம் தங்கிப் பயின்றனர்.

தேய்மான வளைவில் நரம்பு நெருக்கப்பட்டு, நடக்கும்போது கால் கனத்து, குனிந்தாலோ உட்கார்ந்தாலோ குறையும் வலி தோன்றுவதுண்டு. நரம்பைச் சுற்றிச் செலுத்தும் ஸ்டீராய்டு ஊசி அதைத் தற்காலிகமாகத் தணித்து, பயிற்சிக்கு இடமளிக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பின் அடர்த்தியைச் சோதித்து, குறையிருப்பின் மருந்து தருவதும் சிகிச்சையின் பகுதியே. கால் வலுவிழந்துகொண்டே போனாலோ சிறுநீரை அடக்க இயலாமற்போனாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு அறுவை மருத்துவரை உடனே நாட வேண்டும். அவ்வறிகுறிகள் இல்லாதவரின் முன்னேற்றத்தை எக்ஸ்ரே கோணத்தைவிட, உட்காராமல் அவரால் நடக்க முடிந்த தொலைவே தெளிவாகக் காட்டும்.